கேஸ் போட்டால் காசு வருமா?

அந்த அம்மா முதலில் செய்த காரியம், பர்ச்சேஸ் ஆர்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்ததுதான்.

2025 பிப்ரவரி. கோவையில் ஒரு வக்கீல் அலுவலகம். திருப்பூரில் அட்டைப்பெட்டித் தொழில் செய்யும் நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு ஐந்து ப்ளை பெட்டிகள் சப்ளை செய்ததில் 23 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் நிலுவை. வழியெல்லாம் நண்பர் பேசிக்கொண்டு வந்தது ஒரே விஷயம்: "நோட்டீஸ் ஒண்ணு விட்டா அலறிக்கிட்டு ஓடி வருவானுங்க."

வக்கீல் மேடம் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். "இதைப் படிச்சிருக்கீங்களா?"

"பின்னாடி இருக்கறத யாருங்க மேடம் படிக்கறாங்க?"

நல்லவேளையாக மத்தியஸ்தர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்ற ஷரத்து அதில் இல்லை; மும்பை நீதிமன்றத்தில் மட்டுமே வழக்கு என்ற வரியும் இல்லை. இருந்திருந்தால், கோவையில் உட்கார்ந்து நாங்கள் பேசவிருந்த பாதிப் பேச்சு வீணாகியிருக்கும். எத்தனை பெரிய பாக்கியாக இருந்தாலும், எந்த ஊரில், எந்த மேடையில் கேட்பது என்பதை ஆர்டர் வாங்கிய அன்றே நாம் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துவிட்டிருப்போம். அது பல முதலாளிகளுக்கு வக்கீல் சொல்லித்தான் தெரிகிறது.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் கேள்விகள். நண்பருக்கு முகம் சுருங்கிக்கொண்டே போனது. பணத்தை ஏமாற்றியவன் எவனோ, விசாரணை தனக்கு நடப்பதுபோல அவருக்குப் பட்டிருக்கிறது. வெளியே வந்ததும், "இந்தம்மா நம்ம பக்கமா, அவன் பக்கமா?" என்றார்.

வியாபார வழக்குக்கு வக்கீல் பிடிக்கப் போகிறவர்கள் எதை எதிர்பார்த்துப் போக வேண்டும் என்று கேட்டால், நான் அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் காட்டுவேன். முதல் சந்திப்பில் உங்களைச் சங்கடப்படுத்தாத வக்கீல், அந்தச் சங்கடத்தைச் சாட்சிக் கூண்டில் எதிர்த் தரப்பு வக்கீலின் கையால் வாங்கித் தருவார்.

பையின் அடியில் இருந்த காகிதம்

கேள்விகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

"கம்பெனி பார்ட்னர்ஷிப்பா? ரிஜிஸ்டர் ஆயிருக்கா?" நண்பரும் அவர் மச்சானும் பங்குதாரர்கள். பத்திரம் எழுதினார்கள், ஜி.எஸ்.டி. எடுத்தார்கள், வங்கிக் கணக்கு திறந்தார்கள். பதிவாளரிடம் மட்டும் போகவில்லை. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 69-ஆவது பிரிவு: பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. வழக்குத் தாக்கலாகும் நாளில் பதிவு இருந்தாக வேண்டும். எதிர்த் தரப்பு இந்த ஒரே வரியைக் காட்டி வழக்கைச் சாய்த்துவிடலாம். முதலில் பதிவு, பிறகுதான் மற்றதெல்லாம் என்றார் மேடம்.

"பழைய பில் எப்ப போட்டது?" 2022 மே மாதத்துப் பில். அறுபது நாள் கடன். காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பாக்கிக்கு மூன்று ஆண்டு. ஜூலையோடு அந்த பில் செத்துப்போகும். "நல்லவனுங்கதான், கொஞ்சம் பொறுப்போம்" என்று மூன்று தீபாவளியைத் தள்ளிவிட்டிருந்தார் நண்பர். இடையில் எதிர்த் தரப்பு, பாக்கி இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்றாண்டு கிடைக்கும். போனில் சொன்ன சத்தியமெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஆண்டுதோறும் மார்ச் 31 தேதியிட்டு, லெட்ஜர் பேலன்ஸை உறுதி செய்து ஒரு கையெழுத்து வாங்கிவைப்பது பழைய செட்டியார் கடைகளில் வழக்கம். இப்போதைய கணக்குப்பிள்ளைகள் அதை ஆடிட்டருக்கான சடங்கு என்று நினைக்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி, "பையில வேற என்ன இருக்கு?"

நண்பர் தயங்கினார். பையின் அடியில் நான்காக மடித்த ஒரு காகிதம். டெபிட் நோட். கன்டெய்னரில் பெட்டிகள் நசுங்கிவிட்டன என்று சொல்லி எதிர்த் தரப்பு 6 லட்சத்து 20 ஆயிரம் பிடித்தம் போட்டு அனுப்பியது. எனக்கே அன்றுதான் தெரியும்.

"இதுக்குப் பதில் போட்டீங்களா?"

"போன்ல திட்டிட்டனுங்க."

மேடம் அந்தக் காகிதத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் மடிப்பை நீவினார். "மத்ததெல்லாம் பில்லு. இதுதான் உங்க கேஸு."

ஒளித்து வைத்தால் போகாதா என்று நண்பர் நினைத்தது இயல்பு. வணிக நீதிமன்றத்தில் அது நடக்காது. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, கைவசம் உள்ள ஆவணங்கள் அனைத்தையும், நமக்கு எதிரானவற்றையும் சேர்த்து, பிராதோடு தாக்கல் செய்ய வேண்டும். வேறெதுவும் தன்னிடம் இல்லை என்று சத்தியப் பிரமாணமும் தர வேண்டும். பிறகு ஞாபகம் வந்தது என்று காகிதம் நீட்டினால் ஏற்க வைப்பது பெரும்பாடு.

வாட்ஸ்அப்பும் ஆவணம்தான். எதிர்த் தரப்பு மேலாளர் "ஏப்ரலுக்குள் செட்டில் செய்துவிடுகிறோம்" என்று அனுப்பிய செய்தியை நண்பர் பெருமையாகக் காட்டினார். போன் புதியது. பழைய போன் எங்கே என்று கேட்டால், மகன் கல்லூரிக்குக் கொண்டுபோய்விட்டான். "இன்னிக்கே கூப்பிட்டு அதை ரீசெட் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் மேடம். மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவும் அதையே, இன்னும் விரிவான படிவத்தில் கேட்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதும் என்ற காலம் இல்லை.

எந்தக் கதவு

ஒரே பாக்கியை வசூலிக்க நாலைந்து கதவுகள் இருக்கின்றன. வக்கீலுக்குத் தரும் ஃபீஸில் பெரும்பகுதி, எந்தக் கதவைத் தட்டக் கூடாது என்று சொல்வதற்குத்தான் என்பது என் எண்ணம்.

நண்பருக்கு அவர் சங்கத்து ஆட்கள் சொல்லி அனுப்பியிருந்த யோசனைகள் பல. ஒருவர், "ஸ்டேஷன்ல சீட்டிங் கம்ப்ளைன்ட் கொடு, ஒரே நாள்ல பணம் வரும்" என்றாராம். சிவில் பாக்கிக்குக் குற்ற வழக்கு என்ற வேடம் போடும் பழக்கம் வியாபார வட்டாரத்தில் பெருகுவதை 2006-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதன் பிறகும் எத்தனையோ முறை. அந்த வழியைத் தாமாகவே முன்மொழியும் வக்கீலிடமிருந்து விலகிவிடுவது நல்லது.

இன்னொருவர், "அவன மஞ்சக் கடுதாசி கொடுக்க வெச்சிரலாம்" என்றாராம். திவால் சட்டப்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போவதைத்தான் சொல்கிறார். அதற்குக் குறைந்தபட்ச நிலுவை 2020 மார்ச் முதல் 1 கோடி ரூபாய். தொகை இருந்தாலும், பாக்கி பற்றி ஏற்கெனவே உண்மையான தகராறு இருந்தால் மனு நிற்காது. நண்பரிடம் கோடியும் இல்லை. டெபிட் நோட் வேறு இருக்கிறது.

செக் இருந்திருந்தால் கதை வேறு. திரும்பி வந்த தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பின் 15 நாள் அவகாசம், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். இந்தத் தேதிகளில் ஒன்றைத் தவறவிட்டவர்கள் திருப்பூரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள்.

சிறு, குறுந்தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம்தான் உண்மையில் வலுவான கதவு. 45 நாளுக்குள் பணம் தராத வாங்குபவர், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தர வேண்டும். இந்தச் சட்டப்படி தகராறை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். நண்பருக்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தது. ஆனால் 2023-இல் வங்கிக் கடனுக்காக எடுத்தது. அதற்கு முந்தைய பில்களுக்கு இது பொருந்துமா?

"தெரியாது" என்றார் மேடம்.

பொருந்தாது என்பது 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாங்கள் போனதற்கு முந்தைய மாதம், அதாவது 2025 ஜனவரியில், வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் மாற்றுக் கண்ணோட்டம் காட்டி, விஷயத்தை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருந்தது. "உங்க 23 லட்சத்தை வெச்சு அந்தச் சட்டத்தைப் பரிசோதனை பண்ண வேண்டாம்" என்றார். நண்பருக்கு அந்தத் "தெரியாது" பிடிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. நூற்றுக்கு நூறு ஜெயம் என்று கோர்ட் வாசலில் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சியது வணிக நீதிமன்றம். 2018 திருத்தத்துக்குப் பின் 3 லட்ச ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறுகள் இங்கே வரும். நேராகப் போய்ப் பிராது போட முடியாது. அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டால் ஒழிய, முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்கு முயல வேண்டும். இது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்ன பிறகு, இதைத் தாண்டிக் குதித்த பிராதுகள் நிராகரிக்கப்படுகின்றன. மூன்று மாத அவகாசம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு. அந்த நாட்கள் காலவரையறைக் கணக்கில் கழிந்துவிடும். ஜூலைக்குள் இதைத் தொடங்கிவிடலாம் என்று மேடம் விரல் விட்டு எண்ணியபோதுதான் நண்பர் முதல்முறையாக டீயைக் குடித்தார்.

ஃபீஸ்

இதைக் கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம். டாக்டரிடமும் வக்கீலிடமும் பேரம் பேசக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. கூசாமல் கேட்க வேண்டும்: மொத்தமாக எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, அதில் எது அடங்காது.

அடங்காதவைதான் பிற்பாடு சண்டையில் முடிகின்றன. தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 2017 திருத்தத்துக்குப் பின் 3 சதவீதம்; நண்பரின் தொகைக்கு 70,800 ரூபாய். முன்பு இது 7.5 சதவீதம். சமரசத்துக்கு, 10 முதல் 50 லட்சம் வரையான தகராறுக்கு 30,000 ரூபாய். இரு தரப்பும் பாதிப் பாதி. பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா செலவு தனி. வக்கீல் ஃபீஸுக்கான ஜி.எஸ்.டி.யை ரிவர்ஸ் சார்ஜில் வாடிக்கையாளர் நிறுவனமே கட்ட வேண்டும் என்பதை உங்கள் கணக்காளர் நினைவில் வைத்திருக்கட்டும்.

"வசூலானதில் பத்து பர்சென்ட் எடுத்துக்கறேன், இப்ப ஒண்ணும் வேண்டாம்" என்று யாராவது சொன்னால், கேட்க இனிக்கும். அமெரிக்காவில் அது சாதாரணம். இந்தியாவில் பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. வழக்கின் முடிவோடு ஃபீஸைக் கட்டிவைக்கக் கூடாது. முதல் நாளிலேயே தன் தொழில் விதியை மீறுகிறவர், உங்கள் விஷயத்தில் எதை மீற மாட்டார்? விளம்பரம் செய்வதும் விதிக்கு விரோதம். இணையத் தளங்கள் வக்கீல்களுக்கு நட்சத்திரம் போட்டு விற்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஆகவே நல்ல வக்கீலை விளம்பரத்தில் தேடாதீர்கள். ஆடிட்டரைக் கேளுங்கள், அதைவிட, உங்களை மாதிரி வழக்குப் போட்டுத் தோற்றுப்போன ஒருவரைக் கேளுங்கள். ஜெயித்தவர்கள் எல்லா வக்கீலையும் புகழ்வார்கள்.

"சீனியர்" என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. அலுவலகத்தில் ஜூனியர்களை வைத்திருக்கும் மூத்த வக்கீலையும் சீனியர் என்கிறோம். நீதிமன்றம் நியமிக்கும் மூத்த வழக்கறிஞர் வேறு வகை; அவர் வக்காலத்து போடக் கூடாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வேலை வாங்கிக்கொள்ளவும் கூடாது. அவரை வைத்தால் அவருக்கும், அவருக்குக் கட்டுத் தயாரித்துத் தரும் வக்கீலுக்கும் என இரண்டு ஃபீஸ். 23 லட்சத்துக்கு அது தேவையா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு, உங்கள் வழக்கை அன்றாடம் யார் நடத்துவார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பேசியது பெரியவர், வாய்தாவுக்கு வந்தது போன வருடம் கவுன் போட்ட பையன் என்றால் வருத்தம் வரும். முன்பே தெரிந்திருந்தால் வராது. அந்தப் பையன் சில சமயம் உங்கள் கட்டைப் பெரியவரைவிட நன்றாகப் படித்திருப்பான்.

வக்காலத்து என்ற அச்சடித்த தாளை, அதன் பின்பக்கத்தையும்தான், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம் உட்பட எல்லாம் அதில் இருக்கும். ஆனாலும் உங்கள் தெளிவான சம்மதம் இல்லாமல் வக்கீல் வழக்கை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது. 2000-இல் தீர்ந்த விஷயம் இது. வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. நடத்தைக் கேடு என்றால் மாநில பார் கவுன்சிலில் புகார் தரலாம். நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. வாகனத்தை, கைபேசியை, ஆஸ்பத்திரியைக்கூட இழுக்கலாம், வக்கீலை மட்டும் முடியாது என்பது எனக்கு இன்னும் நெருடுகிறது.

வாய்தா

எத்தனை நாளாகும்? சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது: வழக்கு மேலாண்மைக்கான முதல் அமர்விலிருந்து ஆறு மாதத்தில் வாதம் முடிய வேண்டும், 90 நாளில் தீர்ப்பு. கோர்ட் வராந்தாவில் நிற்பவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். பிராது போட்டதும் அது "நம்பர்" ஆக வேண்டும்; குறை சொல்லி ரிட்டர்ன் ஆகும், சரி செய்து மறுபடி போட வேண்டும். இதற்கே வாரங்கள் போகும். ஒவ்வொரு வாய்தாவும் என்ன காரணத்துக்காகப் போனது என்பதை வக்கீல் அலுவலகம் ஒரு வரியாவது சொல்லியாக வேண்டும். அடுத்த தேதியை ஈ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். தேதி தெரிந்துகொள்ள வக்கீலுக்குப் போன் போடாதீர்கள். தேதியில் என்ன நடக்கப் போகிறது என்று கேட்கப் போடுங்கள்.

வழக்குப் போட்டவருக்கு இத்தனை என்றால், போடப்பட்டவருக்குக் கடிகாரம் இன்னும் கொடியது. சம்மன் கிடைத்த 30 நாளில் எதிருரை. நீதிமன்றம் அனுமதித்தால் 120 நாள் வரை. 121-ஆவது நாள் வணிக வழக்கில் அந்த உரிமையே போய்விடும். சாதாரண சிவில் கேஸ் மாதிரி "செலவுத் தொகை கட்டிட்டு வாங்கிக்கலாம்" என்ற நம்பிக்கையில் சம்மனை மேசை இழுப்பறையில் போட்டவர்கள் அழுததை அந்த அலுவலகக் குமாஸ்தா கதை கதையாகச் சொன்னார்.

இதையெல்லாம் தாண்டி ஜெயித்தாலும் கையில் வருவது டிக்ரி. பணம் அதற்கப்புறம். மேடம் நண்பரிடம் கேட்ட கடைசிக் கேள்வி, "அவன்கிட்ட என்ன இருக்கு?" கட்டடம் வாடகையா, மெஷின் எந்த வங்கியில் அடமானம், எந்த வங்கியில் கணக்கு. நண்பருக்கு அந்த முதலாளியின் காரின் நிறம் மட்டும் தெரிந்திருந்தது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பழைய நில வழக்கில், 2025 மார்ச்சில் அதையே மறுபடி சொல்லி, நாடெங்கும் கணக்கெடுக்கச் சொன்னது. வந்த கணக்கு, 8.82 லட்சம் நிறைவேற்று மனுக்கள் நிலுவை. எல்லாமே யாரோ ஒருவர் ஜெயித்த வழக்குகள்.

நண்பர் ஜெயிக்கவில்லை. சமரசத்துக்கான முதல் நோட்டீஸுக்கு எதிர்த் தரப்பு வரவில்லை. இரண்டாவதுக்கு வந்தார்கள். டெபிட் நோட்டுக்கு எதிராக, கன்டெய்னர் ஏற்றிய அன்று எதிர்த் தரப்பு கோடவுன் ஆள் "சரக்கு நல்ல நிலையில்" என்று கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான்களை மேடம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவையும் அதே பையில்தான் இருந்தன. நண்பர் அவற்றைக் குப்பை என்று நினைத்திருந்தார். 20 லட்சத்துக்குப் பேசி முடிந்தது, ஐந்து தவணை. வட்டி இல்லை. எழுதிக் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்துக்கு மத்தியஸ்தத் தீர்ப்பின் மதிப்பு உண்டு; தவறினால் நேரே நிறைவேற்றத்துக்குப் போகலாம்.

மூன்று லட்சத்து அறுபதாயிரத்தை விட்டோமே என்று நண்பருக்குத் தாங்கவில்லை. "மேடம், நாம ஜெயிச்சோமா தோத்தோமா?" மேடம் அதற்குள் வேறு கட்டைப் பிரித்துவிட்டிருந்தார். தவணைத் தேதிகளை டைரியில் ஏற்றும்படி குமாஸ்தாவிடம் சொன்னார்.

இரண்டு தவணை சொன்ன தேதிக்கு வந்தது. மூன்றாவது ஒன்பது நாள் தாமதம். ஒன்பது நாளும் நண்பர் காலையில் எனக்குப் போன் செய்தார். வக்கீலுக்குச் செய்ய வேண்டியதுதானே என்றேன்.

"வேண்டாமுங்க. அவங்க ஏதாச்சும் கேள்வி கேப்பாங்க."